கரி அடுப்பில் ஒரு கியர் மூடி

பழைய புல்டோசரில் கியர் பெட்டிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் வார்ப்பிரும்பு மூடியை, எண்ணெய் சிந்தாமலும் மண் விழாமலும் காக்கிற ஒரு கனத்த தகடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உடைந்தால் ஒட்டிவிடலாம், ஒட்டு நின்றால் போதும் என்று சொல்வதும் அதனால்தான். அதைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் வராது. மேல்பக்கத்தில் கியர் லீவர் நிற்கிற கூண்டு. அடிப்பக்கத்தில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் தண்டுகள், அவற்றைத் தாங்கும் துளைகள், தண்டுகளில் மாட்டிய ஃபோர்க்குகள். லீவரின் நுனி ஒரு தண்டைத் தள்ளும். தண்டோடு ஃபோர்க் நகரும். ஃபோர்க் உள்ளேயிருக்கும் கியரை நகர்த்தும். பல்லோடு பல் சேரும். போன இடத்தில் தண்டு நிற்பதற்கு ஸ்பிரிங் வைத்த ஒரு முளை. ஒரு தண்டு நகரும்போது பக்கத்துத் தண்டு அசையாமல் இருக்க ஒரு பூட்டு. கியர் மாற்றுகிற வேலை முழுவதும் இந்த மூடியை நம்பித்தான் நடக்கிறது.

ஆகவே உடைந்த மூடி கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது விரிசலை அல்ல, தண்டுத் துளைகளை. விரிசலை அடைக்கக் கேஸ் வெல்டிங் தெரிந்த யாராலும் முடியும். உடைவதற்கு முன் அந்தத் தண்டுகள் எங்கே இருந்தனவோ அதே இடத்துக்கு, அதே நேருக்கு, அவற்றைத் திரும்பக் கொண்டுவருவதில்தான் இந்த வேலையின் கஷ்டமெல்லாம் இருக்கிறது.

நான் இங்கே சொல்லப்போகும் மூடி, உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தென்னைகளுக்கு நடுவே வெகுகாலம் நின்றிருந்த கேட்டர்பில்லர் டி4 வண்டியினுடையது. 1950-களின் வண்டி. நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். அதைக் கிளப்புவதற்கென்றே பக்கத்தில் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று. சின்னதைக் கிளப்பி ஓடவிட்டால் இரண்டுக்கும் பொதுவான தண்ணீர் சூடேறும், சின்னதின் புகை பெரியதின் காற்றுக் குழாயைச் சூடாக்கும், அதற்குப் பிறகு டீசல் எஞ்சின் முரண்டு பிடிக்காமல் கிளம்பும். பேட்டரியே இல்லாமல், கயிற்றைச் சுற்றி இழுத்தே இத்தனை பெரிய வண்டியைக் கிளப்பிவிடலாம். இப்படி யோசித்துச் செய்த வண்டியைப் பழைய இரும்பு விலைக்குப் போட மனசு வருவதில்லை.

இந்த வண்டிகள் நம் நாட்டுக்கு வந்த கதை பலருக்குத் தெரியாது. ஹோல்ட், பெஸ்ட் என்ற இரண்டு அமெரிக்க டிராக்டர் கம்பெனிகள் 1925-ல் ஒன்றாகி கேட்டர்பில்லர் ஆயின. 1931-ல் அவர்களுடைய முதல் டீசல் வண்டி வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் இங்கே விட்டுச்சென்ற வண்டிகளை வைத்து, 1947-ல் மத்திய டிராக்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. நாணல் மாதிரி ஆழ வேர்விட்டு உழவு மாட்டை முடக்கிப்போடும் காஸ் புல்லை அழித்து மத்திய இந்தியாவின் நிலத்தை மீட்பது அதன் பெரிய வேலை. அந்த வேலைக்கு டிராக்டர் வாங்க 1949-ல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. சுதந்திர இந்தியா அந்த வங்கியிடம் வாங்கிய முதல் கடன்களில் ஒன்று அது. 1964-ல் பெமல் நிறுவனம் வந்து, கோலார் தங்கவயலில் நம்மவர் கையாலேயே டோசர் செய்யத் தொடங்கிய பிறகு, பழைய அமெரிக்க வண்டிகள் மெல்ல ஏலத்துக்கும் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. நம் வேளாண்மைப் பொறியியல் துறை டோசரை மணிக் கணக்கில் வாடகைக்கு விடுவதைப் பார்த்து, சொந்தமாகவே ஒன்று இருந்தால் என்ன என்று ஏலத்தில் எடுத்த விவசாயிகள் உண்டு. மேட்டுக்காட்டைச் சமன்படுத்தவும் குட்டையைத் தூர் வாரவும் அவை போதும்.

உடுமலை வண்டி உடைந்த விதம் எளிது. லாரியில் ஏற்றும்போது சங்கிலி மாட்ட வாகான இடம் கிடைக்காமல், யாரோ கியர் லீவர் கூண்டைச் சுற்றிச் சங்கிலியைப் போட்டிருக்கிறார்கள். வின்ச் இழுத்தவுடன் கூண்டின் அடியில் ஒரு போல்ட் காது பெயர்ந்தது. அங்கிருந்து ஒரு விரிசல் மூடியின் குறுக்கே ஓடித் தண்டுத் துளை ஒன்றின் பக்கத்தில் நின்றது. அதற்கு ஒரு பட்டறையில் சாதாரண இரும்பு ராட் வைத்து ஆர்க் வெல்டிங்கும் அடித்திருந்தார்கள். தோட்டத்துத் தம்பி அதை ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ஏனுங்ணா, இதைய ஒட்ட முடியுமுங்களா? இல்லீன்னா புதுசாவே வார்த்துக்கலாமுங்களா?"

"காது எங்க தம்பி? பேந்த துண்டு?"

"அது இருக்குதுங்ணா. அப்பா எதையும் வீசவுட மாட்டாருங்க." சாக்குக்குள் கைவிட்டுத் துணியில் சுற்றிய துண்டை எடுத்துக் கொடுத்தார். பாதி வேலையை அவருடைய அப்பா முடித்துவைத்திருந்தார் என்று அப்போதே தெரிந்தது.

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு 'புதுசா வார்த்துக்கலாமா' என்ற கேள்வியைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. பம்பும் மோட்டாரும் செய்து வளர்ந்த ஊர் இது. மூலைக்கு மூலை பவுண்டரி. மரத்தில் பேட்டர்ன் செதுக்குகிற கைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் உடைந்த மூடியையே மண்ணில் அமுக்கி அச்செடுத்தால் வருகிற வார்ப்பு அசலைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். வார்ப்பிரும்பு உறைந்து ஆறும்போது நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். 400 மில்லிமீட்டர் நீளத்துக்கு 4 மில்லிமீட்டர் குறைந்தால் ஒரு போல்ட்டும் துளையில் உட்காராது. அதனால் சுருக்கத்துக்குக் கூட்டி, கடைசலுக்குக் கூட்டி, புதிதாகப் பேட்டர்ன் செய்யவேண்டும். அது நடக்கிற காரியம்தான். அதற்குப் பிறகு தண்டுத் துளைகளை எந்த அளவில் போடுவது? வரைபடம் நம் கையில் இல்லை. உடைந்த மூடியை அளந்துதான் போடவேண்டும். உடைந்து விலகி நிற்பதை அளந்தால் அந்த விலகலும் அளவுக்குள் வந்துவிடும். துண்டுகள் தொலைந்திருந்தால் புது வார்ப்புதான் வழி. எல்லாத் துண்டும் கையில் இருந்தால் அசலைக் காப்பாற்றுவதே சரி என்பது என் முடிவு. காரணம், உடைந்த முகம் பொய் சொல்லாது. வார்ப்பிரும்பு வளையாமல் உடைவதால் இரண்டு முகமும் மேடுபள்ளம் ஒன்றோடொன்று பொருந்தி, பழைய இடத்தை அப்படியே காட்டும். அந்த அளவை எந்தக் கருவியாலும் திரும்ப எடுக்க முடியாது.

முதலில் விரிசல் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கவேண்டும். சந்தையில் பானை வாங்குகிறவர்கள் சுண்டிக் கேட்பதுபோல மூடியைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியால் தட்டுவேன். நல்ல வார்ப்பு கொஞ்ச நேரம் ஒலிக்கும்; விரிசல் விழுந்தது செத்த சத்தம் போடும். விரிசல் இருக்கிறதா என்பதற்கு இது போதும், எங்கே என்பதற்குப் போதாது. இப்போது சிவப்புச் சாயம் தெளித்துப் பார்க்கும் டப்பாக்கள் வந்துவிட்டன, நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். அதற்கு முன்னால் மண்ணெண்ணெயும் சாக்பீஸ் தூளும்தான். மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினால், விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் ஊறி வந்து வெள்ளைமேல் ஒரு கருங்கோடாகத் தெரியும். உடுமலை மூடியில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிந்த விரிசலைத் தாண்டி விரல் அகலம் ஓடித் தண்டுத் துளையின் விளிம்பை நெருங்கியிருந்தது. அந்த முனைக்குச் சற்று அப்பால் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டேன். கூரான முனையில்தான் இழுவிசை போய்க் குவியும். வட்டத் துளையில் அது பரவிவிடும், விரிசல் அங்கேயே நிற்கும். கோடு முடிகிற இடத்திலேயே போடாமல், அதைக் கொஞ்சம் தாண்டி, அது போகிற திசையில் போடவேண்டும்.

பழைய ஆர்க் ஒட்டை எடுப்பது அடுத்த வேலை. அந்த ஒட்டு ஏன் நிற்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். டோசர், டிராக்டர் வைத்திருப்பவர்கள் வருடா வருடம் இதே காரணத்தால் நல்ல வார்ப்புகளை இழக்கிறார்கள். சாம்பல்நிற வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டரை முதல் நாலு பங்கு கரிமம். அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள் சிதறிக்கிடக்கும். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருப்பது அதனால்தான். சாதாரண இரும்பு ராடில் கரிமம் மிகக் குறைவு. ஆர்க் சூட்டில் இரண்டும் கலந்து உருகும்போது ராட் இரும்பு கரிமத்தைக் குடித்து உளிபோல் கடினமாகிறது. ஒட்டைச் சுற்றியுள்ள வார்ப்பும் உருகுகிறது. பக்கத்திலிருக்கும் குளிர்ந்த கனம் அந்தச் சூட்டை ஒரே நொடியில் இழுத்துக்கொள்ள, கரிமத்துக்குச் செதிலாகப் பிரியக்கூட நேரமில்லை. அது இரும்போடு சேர்ந்து வெள்ளை வார்ப்பிரும்பாக இறுகுகிறது. டிரில் பிட் அதில் வழுக்கும். ஆறும்போது ஒட்டு சுருங்கி இழுக்கும். எஃகாக இருந்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். வார்ப்பிரும்புக்கு நீளத் தெரியாது. அதனால் ஒட்டு அப்படியே இருக்க, ஒட்டுக்கு ஓரமாகப் புதுக் கோடு ஒன்று விழும். வெல்டரின் கை நன்றாக இருந்தாலும் இது நடக்கும். இது கையின் குற்றமல்ல, ராடின் குற்றம், அவசரத்தின் குற்றம்.

வார்ப்பிரும்பைச் சரியாக ஒட்ட வழிகள் உண்டு. நிக்கல் ராட் வைத்து, ஒரு அங்குலம் அடிப்பது, உடனே சுத்தியால் மெல்லத் தட்டித் தளர்த்துவது, கை வைக்கும் சூட்டுக்கு வந்த பிறகு வேறொரு இடத்தில் அடுத்த அங்குலம் என்று பொறுமையாகப் போவது ஒரு வழி. பெரிய எஞ்சின் பிளாக்குகளுக்கு அதுதான் கைகொடுக்கும். சூடே காட்டாமல், விரிசலின் குறுக்கே உலோகச் சாவிகளை அடித்து இறக்கி, நெடுகத் திருகாணிகளால் தைத்துவிடுவது இன்னொன்று; கப்பல் எஞ்சின்களுக்குச் செய்வார்கள், அருமையான வேலை. இந்த மூடிக்கு நான் எடுத்தது பித்தளை ராட் வைத்த கேஸ் பிரேசிங். சுவர் மெல்லியது, தாங்கவேண்டிய பாரம் பெரிதல்ல, காது முழுதாகப் பெயர்ந்திருப்பதால் அகலமான பிடிப்பு வேண்டும். வார்ப்பிரும்பு உருக 1,150 டிகிரிக்கு மேல் வேண்டும், பித்தளை ராட் 900-க்கு அருகிலேயே ஓடிவிடும். அடிப்படை இரும்பு உருகுவதே இல்லை என்பதால் வெள்ளை இரும்பு உண்டாகிற பேச்சே இல்லை. ஒட்டும் கொஞ்சம் நீண்டு கொடுக்கும் குணமுள்ளது. கியர் எண்ணெய் எத்தனை சூடானாலும் பித்தளையைத் தளர்த்தும் அளவுக்குப் போகாது. ஒன்றை மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளவேண்டும்: ஒருமுறை பித்தளை ஏறிய இடத்தில் பிறகு ஆர்க் அடிக்க முடியாது. துத்தநாகம் ஆவியாகிப் பொங்கி ஒட்டு முழுவதும் ஓட்டையாகிவிடும். திரும்பிவர முடியாத வழி இது.

இந்த வேலையில் நேரத்தைத் தின்பது சுத்தம். அறுபது எழுபது வருடமாகக் கியர் எண்ணெயில் கிடந்த வார்ப்பு அது. கிராஃபைட் செதில்களின் ஓரமாக எண்ணெய் உள்ளே இறங்கி ஊறியிருக்கும். பெட்ரோலால் கழுவித் துடைத்தால் வெளிமுகம் பளிச்சென்று தெரியும். சூடு காட்டினால் வியர்த்துக்கொட்டும். அதனால் மெல்லிய சூட்டில் வைத்துப் புகைய விடுவேன். புகை நின்றதும் ஆறவிட்டுத் துடைப்பேன். மறுபடியும் சூடு. புகை வருவது முழுவதும் நிற்கும் வரை இதேதான். பார்ப்பவர்களுக்கு வேலை நடப்பதாகவே தோன்றாது. அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள், பிறகு ராடைக் குறை சொல்கிறார்கள்.

அடுத்து V வடிவத்தில் பள்ளம் எடுப்பது. பழைய ஒட்டு முழுவதையும் கிரைண்டரால் எடுத்தேன். அந்த வெள்ளைத் தோல் ஒரு நூல்கூட மிஞ்சக்கூடாது. விரிசலில் பள்ளத்தைச் சுவரின் முழு ஆழத்துக்கும் கொண்டுபோகக்கூடாது. அடியில் மூன்றில் ஒரு பங்கு உடைந்த முகத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். நான் முன்பு சொன்ன மேடுபள்ளம் அங்கேதான் இருக்கிறது. காதை வைத்து அழுத்தினால் 'டக்' என்று தன் இடத்தில் உட்காரும். ஒரு மயிரிழை விலகினாலும் உட்காராது, விரல் நுனிக்குத் தெரியும். அதையும் தேய்த்து எடுத்துவிட்டால் பிறகு எந்த அளவுகோலை வைத்தும் பயனில்லை. கிரைண்டர் போன இடத்தைக் கடைசியாக அரத்தால் ராவினேன். கிரைண்டர் கல் கிராஃபைட்டை முகம் முழுக்க இழுத்துப் பூசிவிடும். கிராஃபைட் பூசிய இடத்தில் பித்தளை நனைந்து பரவாது, உருண்டு நிற்கும்.

தண்டுகளின் நேரைக் காக்க ஒரு போலித் தண்டு வேண்டும். அசல் தண்டை நெருப்பில் வைக்கக்கூடாது, அதன் கடினம் போய்விடும். அதே அளவுக்கு, பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைவாக, இரும்புத் தண்டுகளை லேத்தில் கடைந்து, பித்தளை ஒட்டாமலிருக்கச் சாக்பீஸ் குழம்பு பூசி, துளைகளில் செருகினேன். இரும்பும் வார்ப்பிரும்பும் சூட்டில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விரியும், அதனால் அவை இறுகுவதில்லை. காதைக் கம்பியால் லேசாகக் கட்டினேன். கனமான தகட்டில் மூடியை வைத்து எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டுச் சூடுகாட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். விரிய இடமில்லாத வார்ப்பு வேறொரு இடத்தில் வெடித்து இடம் தேடிக்கொள்ளும். பிடி தளர்வாக, துணை நேராக இருந்தால் போதும்.

அடுப்புக்குச் செங்கல் அடுக்கி மரக்கரி போட்டேன். கேஸ் பர்னரால் ஒரு மூலையை மட்டும் சுடுவதைவிடக் கரித் தணல் மேல். நாலு பக்கமும் ஒரே சீராக, மெதுவாக ஏறும். சூட்டைப் பார்க்க இப்போது கையில் பிடிக்கும் வெப்பமானி உண்டு. பளபளப்பான முகத்தில் அது தப்பாகக் காட்டும், அதனால் பழைய முறையையும் விடுவதில்லை. ஒட்டுக்குத் தள்ளியிருக்கும் ஓரத்தில் ஒரு ஈயத் துணுக்கைத் தொட்டுப் பார்ப்பேன். ஈயம் 327 டிகிரியில் உருகும். துத்தநாகம் 419-ல் உருகும். ஈயம் இளகவேண்டும், துத்தநாகம் இளகக்கூடாது. மூடி எங்கும் அந்த இரண்டுக்கும் நடுவே வந்துவிட்டால் டார்ச்சைக் கையில் எடுக்கலாம். தணலைக் கிளறாமல் ஓரங்களில் செராமிக் பஞ்சு போர்த்தி, ஒட்டுகிற இடத்தை மட்டும் திறந்து வைத்தேன். அந்தக் காலத்தில் இதற்கு ஆஸ்பெஸ்டாஸ் தாள்தான் போர்த்துவோம். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். எந்தப் பட்டறையிலாவது இன்னும் மிச்சம் இருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள்.

டார்ச்சின் சுடரில் ஆக்சிஜன் ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கவேண்டும். துத்தநாகம் புகைந்து பறப்பதை அது குறைக்கும், முகத்தில் மிஞ்சிய கிராஃபைட்டையும் எரித்துவிடும். வெங்காரம் கலந்த ஃபிளக்ஸில் ராடைத் தோய்த்து, இரும்பு மங்கலான சிவப்புக்கு வந்ததும் தொட்டால், முதல் சொட்டு எப்படி நடந்துகொள்கிறது என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். சூடு குறைவென்றால் உருண்டை பிடிக்கும். அதிகமென்றால் கொதித்து வெள்ளைப் புகை விடும். சரியாக இருந்தால் எண்ணெய்த் துணியில் தண்ணீர் நிற்பதுபோல் நிற்காமல் இரும்பைப் பற்றிப் படர்ந்து ஓடும். முதலில் பள்ளம் முழுக்க அந்த மெல்லிய பூச்சு. அதற்கு மேல்தான் நிரப்புவது. அந்தப் படர்வை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறேன். இரும்பு தன்னைக் கொடுக்கிற கணம் அது. வெள்ளைப் புகையைப் பற்றி இளம் கைகளுக்கு ஒரு வார்த்தை: அதைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். காற்றோட்டமான இடத்தில், காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள்.

தண்டுத் துளையின் விளிம்பில் முதலில் தொடங்கி வெளியே நோக்கிப் போனேன், காதைக் கடைசியில் வைத்தேன். உள்ளே மாட்டிக்கொண்ட இடத்தில் தொடங்கித் திறந்த ஓரத்தில் முடித்தால் சுருக்கம் வெளியேறப் பாதை கிடைக்கும். எதிர்த்திசையில் போனால் துளைப் பக்கம் இழுவிசை பூட்டப்பட்டுவிடும். முடிந்ததும் சுடரைத் தள்ளிப்பிடித்து மூடி முழுவதையும் ஒருமுறை தடவிச் சீராக்கி, தணல்மேல் நெல் உமிச் சாம்பலைக் கொட்டி மூடினேன். உமிச் சாம்பலைப்போலச் சூட்டைப் பிடித்துவைக்கும் மலிவான பொருள் வேறில்லை, அரிசி ஆலைகளில் கேட்டால் அள்ளிக் கொடுப்பார்கள். மறுநாள் சாயந்திரம் வரை அதை யாரும் தொடக்கூடாது. "ஆறிடுச்சாண்ணா, ஒருக்கா பாக்கலாமா" என்று பையன்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சாம்பலை விலக்கிக் காற்றுப் பட்டால் அத்தனை பாடும் ஒரு 'டிக்' சத்தத்தில் போய்விடும்.

வெளியே எடுத்ததும் மறுபடி மண்ணெண்ணெயும் சாக்பீஸ் தூளும். கோடு எங்கும் இல்லை. சுத்தியால் தட்டினால் ஒலி திரும்பி வந்திருந்தது. போலித் தண்டுகள் கையாலேயே உருவ வந்தன. அதைவிட நல்ல செய்தி வேறில்லை. அசல் தண்டுகளைச் செருகியபோது ஒன்று மட்டும் ஓரிடத்தில் தயங்கியது. ரீமரை அங்கே கொண்டுபோகவில்லை. துளை பெரிதானால் தண்டு ஆடும், கியர் தானாக நழுவும். மெல்லிய எமரித் தாளைக் குச்சியில் சுற்றி, பட்ட இடத்தை மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்து, தண்டு தன் கனத்திலேயே இறங்கும் வரை கொண்டுவந்தேன்.

மூடி கியர் பெட்டியில் உட்காரும் முகத்தை மட்டப் பலகையில் நீல மை தடவிப் பார்த்தேன். ஒட்டின் பக்கம் கொஞ்சம் தூக்கியிருந்தது, பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஃபீலர் நுழைந்தது. மில்லிங்கில் ஒரு வெட்டு வெட்டினால் நொடியில் சமமாகும். ஆனால் மூடி தாழ்ந்தால் லீவரின் நுனியும் ஃபோர்க்குகளும் கூடவே தாழும். அதனால் ஸ்கிரேப்பரால் மை பட்ட மேடுகளை மட்டும் சுரண்டி எடுத்தேன். அதே காரணத்துக்காக, பழைய காகித காஸ்கெட்டின் கனத்தை அழுந்தாத ஒரு மூலையில் அளந்து, அதே கனத்தில் புதியதை வெட்டினேன். காஸ்கெட்டுக்குப் பதில் டியூப் டியூபாகச் சிலிக்கான் பிதுக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே பிதுங்கியது எண்ணெயில் மிதந்து எங்கே போய் அடைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

மாட்டுவதற்கு முன் மேஜையிலேயே எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு தண்டாகத் தள்ளி, முளை தன் பள்ளத்தில் விழும் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். பிறகு இரண்டு தண்டுகளைச் சேர்த்துத் தள்ளுவேன். பூட்டு சரியாக இருந்தால் ஒன்றுதான் நகரும். இரண்டும் நகர்ந்தால் அந்த மூடியை வண்டியில் ஏற்றக்கூடாது. ஒரே சமயத்தில் இரண்டு கியர் விழுந்தால் பெட்டி அப்படியே இறுகி நின்றுவிடும், பல் போகும், தண்டு முறுக்கும். இந்தப் பழைய கேட்டர்பில்லர்களில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. கையால் இயக்கும் கிளட்ச் லீவரோடு இணைந்த ஒரு பூட்டு, கிளட்ச் பிடித்திருக்கும்வரை கியர் தண்டுகளை நகரவிடாது. மலைச்சரிவில் மண் தள்ளும்போது கியர் நழுவாமல் இருப்பது அதன் தயவு. அந்த இணைப்பைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

கியர் பெட்டிக்குள் எதுவும் விழுந்திருக்கிறதா என்று தேடினோம். எண்ணெயை வடித்து, காந்தத்தைக் கம்பியில் கட்டி அடியில் தடவியதில் நகக்கண் அளவு வார்ப்புத் துணுக்குகள் வந்தன. காதின் ஓரத்தில் இருந்த சின்னக் குறைகளோடு அவற்றை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தன. உள்ளே மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் டீசல் ஊற்றிக் கழுவி, மூடியை உட்கார வைத்து, நடுவிலிருந்து குறுக்கு மறுக்காக போல்ட்டுகளை இறுக்கி, புது எண்ணெய் ஊற்றினோம். உடுமலைத் தோட்டத்தில் வண்டி கிளம்பி எல்லாக் கியரும் விழுந்தது. ஒட்டிய இடத்தின் மேல் மஞ்சள் பெயிண்ட் அடிக்கவா என்று தம்பி கேட்டார். அடிக்கவேண்டாம் என்றேன். எண்ணெய் கசிந்தாலோ புதுக் கோடு விழுந்தாலோ கண்ணுக்குத் தெரியவேண்டும். நாளைக்கு வேறொரு மெக்கானிக் ஆர்க் ராடை எடுத்துக்கொண்டு வந்தால், பித்தளையின் நிறம் அவரை நிறுத்தவேண்டும்.

பழைய டோசர் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வண்டியை இழுக்கச் சங்கிலியை முன்கொக்கியிலோ பின்னாலுள்ள இழுவைப் பட்டையிலோ மாட்டுங்கள். வார்ப்பிரும்பின்மேல் எங்கேயும் சுற்றாதீர்கள். மீறி உடைந்துவிட்டால் வண்டியை நகர்த்தாதீர்கள், எண்ணெயை வடிகட்டிப் பாருங்கள், துணுக்குவரை பொறுக்கித் துணியில் கட்டி வையுங்கள். உடைந்த முகத்தைத் தேய்க்கவோ பசை தடவவோ வேண்டாம். இரும்பு ராடோடு வருகிறவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். வார்ப்பிரும்பு தெரிந்த கேஸ் வெல்டர் உங்கள் ஊரில் இல்லையென்றால் கோயம்புத்தூருக்குக் கொண்டுவாருங்கள். இங்கே இன்னும் இருக்கிறோம்.